கதவுக்குள் ஒரு கச்சேரி

இரத்தினபுரி மாவட்டத்தில் காரினுள் அமர்ந்து பாட்டுக் கேட்க விரும்புகிறவன் முதற்கண் மழையிடம் அனுமதி பெற்றாக வேண்டும். ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக வானம் பொழிகிற, யாழ்ப்பாணத்தார் ஏறத்தாழ மூன்று வருஷங்களில் காணும் மழையை ஒரே வருஷத்தில் தலையில் வாங்கிக்கொள்கிற இந்தச் சபரகமுவச் சீமையில், காரின் மெல்லிய தகரக் கூரைமீது அம்மழை நடத்தும் தாளவாத்தியக் கச்சேரிக்கு நடுவே வேறெந்த வித்துவானும் சபையேறத் துணிவதில்லை. மழை ஓய்ந்த வேளைகளிலோ, கொழும்பிலிருந்து அவிசாவளை, எஹெலியகொட, குருவிட்ட வழியாக எங்கள் ஊருக்கு வந்து, பெல்மடுல்ல, பலாங்கொடை என்று மேலும் ஏறிச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையின் லொறிகளும் பஸ்களும் அக்குறையை நிவிர்த்தி செய்துவிடுகின்றன. முன்னே செல்லும் தனியார் பஸ் வண்டியில் ஒலிக்கும் பாட்டு, அதன் பல்லவியும் சரணமும், நடுநடுவே பிரயாணிகள் தெரிவிக்கும் ஆட்சேபணைகளும் உட்பட, நம் காருக்குள் துல்லியமாகக் கேட்கும். நம் காரில் நாமே வைத்த பாட்டுத்தான் நமக்குக் கேட்பதில்லை.

நான் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போதித்து ஓய்வு பெற்றவன். சங்கீத ஞானம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. ஆயினும், 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் சாரீரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற அந்தப் பாட்டில், எது குழல், எது குரல் என்று பிரித்தறியும் அளவுக்கேனும் காது வாய்த்தவன். எங்கள் காரில் அதைப் போட்டால், குழலும் குரலும் ஒரே ஆசாமியாகி, அந்த ஆசாமிக்கும் கடுமையான ஜலதோஷம் பிடித்திருக்கும். என் மனைவியின் விசாரம் வேறு வகையானது. பிரயாணம் புறப்பட்டதும் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் ஒலிக்க வேண்டும், அதில் ஓரெழுத்தும் வீணாகக்கூடாது என்பது அவள் கட்டளை. சிரசு முதல் பாதம் வரையில் ஒவ்வோர் அங்கமாகப் பேர் சொல்லிக் காக்கும்படி வேண்டுகிற அந்தத் துதியில், எந்த அங்கம் காக்கப்பட்டது, எந்த அங்கம் ஸ்பீக்கரின் இரைச்சலில் விடுபட்டுப் போயிற்று என்று நிச்சயமாகத் தெரியாத நிலையில், இறக்குவானைக்கு அப்பால் புலுத்தொட்டக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது அவளுக்கு நியாயமான பயத்தை உண்டாக்கிற்று.

எங்கள் கார் ஜப்பானியப் பிறப்பு. இத்தேசத்துச் சாலைகளில் ஓடும் கார்களில் கணிசமானவை, ஜப்பானில் ஏதோ ஒரு குடும்பத்துக்குச் சில வருஷம் ஊழியம் செய்து, ஓய்வு பெற்று, கப்பலேறி வந்து, 'ரீகண்டிஷன்' என்ற பட்டத்தோடு இங்கே இரண்டாம் ஜன்மத்தை ஆரம்பிக்கிறவை என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் 2025-இல்தான் மறுபடி மனமிரங்கிற்றாகையால், இடைப்பட்ட காலத்தில் புதிய கார் வாங்கும் ஆசையுள்ளவர்கள், வாங்கும் சக்தி இல்லாதவர்கள் ஆகிய இரு சாராரும் ஒரே நிலைக்கு வந்து சேர்ந்து, இருக்கிற காரையே சிங்காரித்துக்கொண்டு காலத்தைக் கழித்தோம். அந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் காரில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில், முன்பலகையினின்று ஒரு ஜப்பானிய மாது மிக்க மரியாதையான குரலில் ஏதோ கூறுவாள். அவள் கூறுவது ஒரே வாக்கியம். தொனியில் கண்டிப்பும் கருணையும் சரிபாதி. என் மாமியார் அதைப் பிரயாண ஆசீர்வாதமென்று நிச்சயித்து, ஒவ்வொரு முறையும் கைகூப்பி, "சரிங்கம்மா, போயிட்டு வர்றோம்" என்று விடை சொல்லி வந்தார். ஜப்பானில் வேலைக்குப் போகும் உத்தேசத்தோடு இரத்தினபுரி நகரத்தில் அந்த மொழியைப் பயின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் எங்களோடு ஏறியபோதுதான், 'கட்டண அட்டை செருகப்படவில்லை' என்பதே அம்மாதரசியின் ஓயாத முறைப்பாடு என்ற உண்மை வெளியாயிற்று. 2001-ஆம் வருஷம் முதலாக ஜப்பானிய அதிவேகப் பாதைகளில் வண்டியை நிறுத்தாமலே சுங்கம் வசூலிக்க ஏற்படுத்தியிருக்கும் முறைக்கு உரிய அட்டை அது. அதிவேகப் பாதையே இன்னும் வந்து சேராத இரத்தினபுரியில், இல்லாத பாதைக்கு இல்லாத அட்டையை அவள் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் அந்த மொழிபெயர்ப்பை அங்கீகரிக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு இன்னும் பாஷை படியல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பழையபடியே விடைபெற்றுக்கொண்டிருந்தார். எங்கள் காரில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்ட ஒரே குரல் அம்மாதினுடையதுதான் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

வானொலியின் ஸ்திதி இன்னும் விசேஷமானது. உலகத்தின் பெரும்பகுதியில் பண்பலை ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் நடைபெற, ஜப்பானியர் மாத்திரம் 76 முதல் 90 வரை என்று தனி எல்லை வகுத்துக்கொண்டார்கள். 90-க்கு மேற்பட்ட இடத்தைத் தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகளுக்குத் தாரைவார்த்துவிட்டதே காரணம். 2011-இல் பழைய தொலைக்காட்சி முறை அங்கே ஓய்வு பெறத் தொடங்கிய பிற்பாடு 95 வரை எல்லையை நகர்த்தினார்கள். ஆனால் எங்கள் கார் அதற்கு முந்திய சம்பிரதாயத்தில் வளர்ந்தது. நம் தமிழ்ச் சேவைகளான சூரியனும் சக்தியுமோ நூற்றுக்கு மேலே வீற்றிருப்பவை. ஆகவே ஆதியில் அந்த வானொலிக்கு அகப்பட்டவை ஒன்றிரண்டு சிங்கள நிலையங்களும், சுத்தமான இரைச்சலுமே.

இதற்குப் பரிகாரமாக 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்றொரு சிறிய பெட்டியை ஏரியல் கம்பிக்கு நடுவே மாட்டுவார்கள். ஆகாயத்திலிருந்து வரும் அலையின் எண்ணிலிருந்து அது ஒரு குறிப்பிட்ட தொகையைக் கழித்து, ஜப்பானிய வானொலிக்குப் புரியும் எண்ணாக மாற்றிக் கொடுக்கும். அறிவிப்பாளர் 103 என்று பெருமிதத்தோடு சொல்லுவார். நம் டயலில் 83 என்றிருக்கும். கணக்கு வாத்தியாருக்கு இதில் ஆட்சேபமில்லை; இருபதைக் கூட்டிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் எங்களுக்கு வாய்த்த மலிவான பெட்டி, கழித்தலோடு நில்லாமல், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைக் கூட்டவும் செய்தது. செய்தியில் அமைச்சர் ஒருவர் ஏதோ வாக்குறுதி கொடுப்பார். என்ன வாக்குறுதி என்று கேளாது. இதனால் தேசத்துக்கு நஷ்டமொன்றுமில்லை என்றாலும், கேட்டுவிட்டு நம்பாமலிருப்பதற்கும் கேளாமலே நம்பாமலிருப்பதற்கும் வித்தியாசமுண்டு.

இந்த நிலையில்தான், காவத்தைப் பக்கத்தில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் பிரவேசித்தான். காரில் ஏறி உட்கார்ந்து, அரைப் பாட்டுக் கேட்டு, கண்ணை மூடி, "வாட்ஸ் பத்தல மாமா" என்று ஒரே வாக்கியத்தில் நோயை நிர்ணயித்தான். அவனுடைய சாஸ்திரத்தில் உலகத்துத் துன்பங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் வாட்ஸ் போதாமையே. அவன் கொண்டுவந்து காட்டிய பெட்டியின் மேலட்டையில் 1,200 வாட்ஸ் என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே செருகியிருந்த பியூஸ் பத்து அம்பியர். காரின் பெற்றரி 12 வோல்ட். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பெருக்கினாலும் அந்த வாசல் வழியாக 120 வாட்ஸுக்கு மேல் உள்ளே நுழைய மார்க்கமில்லை. உள்ளே போவது 120, வெளியே வருவது 1,200 என்பது மெய்யானால், அப்பெட்டியை என்னுடைய காருக்குள் பூட்டி வைக்காமல் இலங்கை மின்சார சபைக்கு அன்பளிப்புச் செய்வதே தேசபக்தியுள்ளவன் செய்யத்தக்க காரியம் என்று சொன்னேன்.

மேலும் விளக்கினேன். ஒலிபெருக்கியின் வலுவை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்றே டெசிபெல். காது அதை 'ஏதோ சற்று ஏறியிருக்கிறதோ' என்று சந்தேகிக்குமேயன்றி, இரு மடங்கென்று ஒப்புக்கொள்ளாது. இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வலுவைப் பத்து மடங்காக்க வேண்டும். சாதாரணமாகக் காருக்குள் நிம்மதியாய்ப் பாட்டுக் கேட்கும்போது ஒரு ஸ்பீக்கர் செலவழிப்பது ஒரு வாட் அளவே இருக்கும். இத்தனையையும் மருமகன் தலை குனிந்து, மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில், "அப்ப பத்து மடங்காவே போட்டுருவோம் மாமா" என்றான்.

நாலு வாட்ஸில் ஒரு தோட்டமே கேட்ட காலத்தை அவனுடைய தலைமுறை கண்டதில்லை. லயத்து வீடுகளுக்கு மின்சாரம் எட்டாதிருந்த நாட்களில், கணக்கப்பிள்ளையின் வீட்டு மேசைமேல் மரப்பெட்டிக்குள் ஒரு வால்வு ரேடியோ கார்ப் பெற்றரியில் இயங்கிக்கொண்டிருக்கும். முகப்பில் சாயம் போன துணி, துணிக்குப் பின்னால் காகிதக் கூம்புடைய ஒற்றை ஸ்பீக்கர், பின்பக்கம் ஒரு ஏரியல் கம்பி, அதன் மறுமுனை பலாமரத்தில். அதற்கிருந்த மொத்த வலு மூன்று நான்கு வாட்ஸ். ஆனால் இலங்கை வானொலியில் எஸ். பி. மயில்வாகனன் பேச ஆரம்பித்தால், விறாந்தையில் குந்தியிருக்கும் பெரியவர்கள், முற்றத்தில் நிற்கும் பெண்கள், வேலிக்கு அப்பால் நாங்கள் என்று அத்தனை பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே வந்து சேரும். எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டு கொழும்புத் தந்தி அலுவலகத்தில் 1923-இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியதும், 1925 டிசம்பர் 16-இல் முறைப்படி ஆரம்பமானதும், யுத்த காலத்தில் படையினருக்காக ஏக்கலையில் நிறுவிய சிற்றலை நிலையத்தைப் பின்னர் சுவீகரித்துக்கொண்டு இந்தியா முழுவதையும் காது கொடுக்க வைத்ததுமான அந்த வானொலியின் மகிமையில், ஒலி பெரிதாயிருந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தெளிவாயிருந்தது என்றுதான் சொல்வார்கள்.

காரில் பாட்டுக் கேட்கும் ஆசையும் இன்று நேற்று உதித்ததன்று. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-இல் காருக்கென்று வானொலி செய்து, 'மோட்டோரோலா' என்று நாமகரணம் சூட்டி விற்றார்கள். கிறைஸ்லர் கம்பனியார் ஒருபடி மேலே போய், 1956-ஆம் வருஷத்து மாடல்களில் முன்பலகைக்கு அடியில் இசைத்தட்டுக் கருவியையே பொருத்தினார்கள்; நிமிஷத்துக்குப் பதினாறு சுற்றும் சொச்சமும் மெதுவாகச் சுழலும் பிரத்தியேகத் தட்டு, ஊசி துள்ளாதிருக்கப் பற்பல உபாயங்கள். அந்நாட்டின் நேரான, அகன்ற சாலைகளிலேயே அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. புலுத்தொட்டக் கணவாயில் ஒரு வெள்ளோட்டம் விட்டிருந்தால் முதலாவது வளைவிலேயே கம்பனியாருக்கு மெய்ஞ்ஞானம் பிறந்து, பெருந்தொகை மிச்சமாகியிருக்கும். கதையில் எனக்குப் பிடித்த கட்டம் அமர் போஸ் என்பவருடையது. ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த வங்காளி ஒருவரின் புதல்வர், பேராசிரியர். 1983-ஆம் வருஷத்து கடிலாக் கார்களில் அவருடைய கம்பனி பொருத்திய ஒலியமைப்பின் சிறப்பு, ஸ்பீக்கரைத் தனியே செய்துவிட்டுக் காரில் மாட்டாமல், காரின் கண்ணாடி, மெத்தை, உட்காருமிடம் எல்லாவற்றையும் ஆராய்ந்து அதற்கேற்ப ஒலியை வடிவமைத்ததுதான். கார் என்பது பாட்டை ஏற்றிச் செல்லும் வாகனமன்று, அதுவே வாத்தியத்தின் ஓர் அங்கம் என்று அந்தப் பேராசிரியர் கண்டுகொண்டார். என் மருமகன் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே கொழும்பு சென்றோம். மோட்டார் உதிரிப்பாகங்களின் ராஜதானியாகிய பஞ்சிகாவத்தையில், ஒரு கடைச் சுவர் முழுவதும் தடித்த பலகையில் வரிசையாக ஸ்பீக்கர்களைப் பதித்து, பொத்தானை அமுக்கி ஒவ்வொன்றாகப் பாட வைத்துக் காட்டினார்கள். எல்லாம் அமிர்தமாயிருந்தது. எங்கள் ஊரில் மாணிக்கக் கல் வாங்குகிறவர்கள் விற்பவனுடைய விளக்கொளியில் கல்லைப் பார்த்து விலை பேசுவதில்லை. வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் ஆகாயத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகே வாய் திறப்பார்கள். ஸ்பீக்கருக்கு அப்படியொரு பகல் வெளிச்சம் கிடையாது. அங்கே பாடுவது பாதி ஸ்பீக்கர், பாதி அந்தத் தடித்த பலகை. பலகையை அவர்கள் விற்பதில்லை. போதாக்குறைக்கு, இரண்டில் எது சற்று உரக்கப் பாடுகிறதோ அதுவே இனிமையானதென்று மனிதக் காது ஏமாறும். ஆகவே கடைக்காரர் அதிக விலையுள்ளதைச் சற்று உரக்கவே பாட வைத்தார். மருமகனின் முகத்தில் ஒரு தெய்வீக ஒளி பரவுவதை நான் பார்த்தேன். திரும்பும்போது எங்களோடு நான்கு புதிய ஸ்பீக்கர்களும், ஓர் அம்ப்ளிபயரும், 'பஃபல்' என்று இந்நாட்டு இளைஞர் உலகம் பக்தியோடு அழைக்கும், கீழ்ஸ்தாயிக்கென்றே செய்த ஒரு பிரம்மாண்டமான ஸ்பீக்கர்ப் பெட்டியும் வந்தன.

அந்தப் பெட்டி டிக்கியை முழுவதுமாகச் சுவீகரித்துக்கொண்டது. பெல்மடுல்ல, எம்பிலிபிட்டிய வழியாகக் கதிர்காமம் போகப் புறப்பட்டோம். அர்ச்சனைச் சாமான், அரிசி மூட்டை, மாமியாரின் பாய், தலையணை, வெந்நீர்ப் போத்தல் ஆகிய அனைத்தையும் மடியில் வைத்துக்கொண்டே பிரயாணம் செய்தோம். மருமகன் பொத்தானை அமுக்கினான். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில்தான் போட்டிருந்தது. ஆனால் அவருடைய விரல்கள் வலந்தலையில் பொரிக்கும் அந்தச் சொற்கட்டுகள் எங்கே போயினவோ, பின்னாலிருந்து 'தும்', 'தும்' என்று யாரோ முதுகில் தள்ளுவது மட்டும் தெரிந்தது. பின்னால் இலக்கத்தகடு நடுங்கிற்று. முன்னால் இழுப்பறை தானாகத் திறந்து வணக்கம் சொல்லிற்று. பாட்டு வயிற்றுக்குக் கேட்டது, காதுக்குக் கேட்கவில்லை. வெகு நேரம் மௌனமாயிருந்த மாமியார், "ஏன் தம்பி, வண்டியில ஏதோ கழண்டு கெடக்கு போலயே, எறங்கிப் பாக்குறது?" என்றார்.

இதைவிட ஆச்சரியம், முன் கதவுகளிலிருந்த புதிய ஸ்பீக்கர்கள் பழையவற்றைக் காட்டிலும் மோசமாகப் பாடியது. சூலமங்கலம் சகோதரிகள் எதிரே நின்று பாடுவதாகத் தோன்றவில்லை. இடத்திலுமில்லை, வலத்திலுமில்லை, எங்கேயோ அந்தரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாயக் குரலாயிற்று அது. "புது ஸ்பீக்கர் மாமா, பழகப் பழகச் சரியாயிரும்" என்று மருமகன் சமாதானம் சொன்னான். கல்யாணமான புதிதில் சொல்லும் சமாதானத்தைக் காகிதக் கூம்புக்கும் சொல்லுவார்கள் என்று நான் அதுவரை அறியேன்.

இரத்தினபுரியை அடுத்த தோட்டமொன்றில், டிரான்சிஸ்டர் காலத்திலிருந்து ரேடியோ திருத்தி, கண் மங்கி, இப்போது தொழிலை விட்டிருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஸ்டோர் என்கிற தோட்டத் தொழிற்சாலைக்கு அருகில், மழைக்கு ஒதுங்க அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, உள்ளிருந்தபடியே பாட்டைக் கேட்டுவிட்டு வெளியே வந்தார். அம்ப்ளிபயரை அவர் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. "ஒரு டோர்ச்சுப் பெற்றரி இருந்தாக் குடுங்க மாஸ்டர்" என்றார். கதவின் உள்மட்டையைக் கழற்ற வைத்து, ஒன்றரை வோல்ட் பெற்றரியின் இரு முனைகளிலும் ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகளை ஒரு கணம் தொட்டார். வலப்பக்கத்துக் கூம்பு வெளியே தள்ளிற்று. இடப்பக்கத்துக்குப் போய் அதே நிறக் கம்பிகளை அதேபடி தொட்டார். கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. "வயரு மாறிக் கெடக்குங்க. இந்தக் கதவு 'வா'ங்குது, அந்தக் கதவு 'போ'ங்குது. அப்பறம் பாட்டு எங்கிட்டு வந்து நிக்கும்?" என்றார். காசு வாங்கிக்கொண்டு பொருத்திக் கொடுத்தவர்களின் திருக்கரம் இடக்கதவில் கூட்டலையும் கழித்தலையும் மாற்றி முடிந்திருந்தது. கணக்கு வாத்தியாரின் காருக்கு நேர்ந்த அவமானம் இது ஒன்றே போதும். கம்பியை மாற்றிக் கொடுத்ததும், அந்தரத்திலிருந்த இரு சகோதரிகளும் இறங்கி வந்து முன்கண்ணாடிக்கு நேரே நின்றார்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

பெரியவர் அத்துடன் விடவில்லை. கதவுக்குள் கையை விட்டுத் தடவி, "இது கதவா, ஜன்னலா?" என்று கேட்டார். விஷயம் இதுதான்: ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளுகிறபோது முன்பக்கத்துக் காற்று நெருங்குகிறது, அதே கணத்தில் பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. இந்த இரண்டும் சந்திக்க வழியிருந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். முதலில் பலியாவது கீழ்ஸ்தாயி. கார்க் கதவின் உட்தகட்டிலோ கை நுழையும் துவாரங்கள் பல. அவற்றை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் எப்போதோ கிழிந்திருந்தது. தவிலின் தொப்பிப் பக்கம் அந்தத் துவாரங்களிலேயே கரைந்துகொண்டிருக்க, அதைத் தேடித்தான் மருமகன் டிக்கி நிறையப் பெட்டி வாங்கிப் போட்டிருக்கிறான். துவாரங்களை அடைத்து, அதிரும் தகட்டில் ஒட்டுத்தகடு ஒட்டச் சொன்னார் பெரியவர். கூடவே விரலை உயர்த்தி, "அடியில தண்ணி போற ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க மாஸ்டர், இது இரத்தினபுரி" என்றார். ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள்ளே இறங்கி அடித்துவாரங்கள் வழியாக வெளியேறும்படிதான் எந்தக் காரையும் செய்திருக்கிறார்கள்; அதை அடைத்தால் இவ்வூரில் கதவுக்குள் மீன் வளர்க்கலாம்.

அந்த ஒட்டுத்தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது பியூட்டைல் என்னும் இறப்பர், சுருளாகச் சுருட்டி, கடல் கடந்து வருகிறது, விலையும் அப்படியே. 1876-இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதல் இறப்பர்க் கன்றுகளை வைத்த தேசத்தில், தலைமுறை தலைமுறையாக விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்த நான், என் கார்க் கதவுக்குக் கையளவு இறப்பர் வேண்டி அந்நிய நாட்டு டொலருக்குக் காசை மாற்றினேன். பியூட்டைல் மரத்தில் ஊறுவதன்று, பெற்றோலியத்திலிருந்து அமெரிக்கர் 1937-இல் கண்டுபிடித்தது, ஆகையால் இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று மருமகன் கைத்தொலைபேசியைப் பார்த்து ஆறுதல் சொன்னான். எனக்கு ஆறவில்லை.

மூன்றாவதாகவும் ஒன்று செய்தார். நம் பேச்சில் சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுகிறவை மெய்யெழுத்துகள். அவற்றின் கூர்மை இரண்டாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் அளவிலும் அதற்கு மேலுமுள்ள மேல்ஸ்தாயியில் இருக்கிறது. அந்த மேல்ஸ்தாயி நேர்கோட்டில் பாய்வது. மெத்தை, வேட்டி, சேலை எதிர்ப்பட்டால் அதிலேயே ஒடுங்கிவிடும். கதவின் அடிப்பாகத்தில் உட்கார்ந்து பாடிய ஸ்பீக்கர்கள் இத்தனை காலமும் சஷ்டி கவசத்தை எங்கள் முழங்கால்களுக்கே ஓதி வந்திருக்கின்றன. எங்கள் இருவருக்கும் முழங்கால் வலி அதிகமில்லாததற்கு இதுவே காரணமென்று மனைவி இன்றும் கருதுகிறாள். பெரியவர், மேல்ஸ்தாயியைப் பாடும் 'ட்வீட்டர்' என்கிற சிறு ஸ்பீக்கர்களை மேலே தூக்கி, பக்கக் கண்ணாடியின் மூலையில், முகத்தைப் பார்க்கும்படி பொருத்தச் சொன்னார். ஜப்பானிய மாதின் தெளிவுக்கும் இதுவே இரகசியம்; அந்த அட்டைக் கருவிக்குத் தனியே ஒரு சின்னஞ்சிறு ஸ்பீக்கர் உண்டு, அது முன்பலகையிலிருந்து நேரே நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. அவளுக்கு ஒரு வாட்டே மிகுதி.

தெளிவு வந்த பிறகு நேர்ந்த சங்கடங்களையும் ஒளிக்கலாகாது. மருமகன் எங்கெங்கோ இறக்கிச் சேர்த்திருந்த பாட்டுகளில் பாதி, நசுக்கிப் பிழிந்த கோப்புகளென்பது இப்போது சந்தேகமறத் தெரிந்தது. முன்பலகைக்குள் ஒரு 'கிரீச்' இருப்பதும், பின் சக்கரமொன்று தனக்குள் முணுமுணுப்பதும் தெரிந்தன. எக்ஸ்பாண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நம் நாட்டு எல்லைக்குரிய செட்டொன்றை மாட்டியதால், அமைச்சரின் வாக்குறுதி எழுத்துக்கெழுத்துக் கேட்கிறது. அதற்கு நான் சொல்லும் பதிலும் பின்னாசனத்துக்குக் கேட்கிறது. எல்லாவற்றிலும் பெரிய கலகம் கவசத்தால் விளைந்தது. என் மனைவி பல்லாண்டுகளாகக் கூடவே சொல்லி வந்ததில், காதில் விழாத இடங்களைத் தன் சொந்தக் கற்பனையால் நிரப்பி வைத்திருந்தாள் என்பது, மூலமும் அவள் பாடமும் ஒரே வேளையில் துலக்கமாக ஒலித்தபோது வெளிப்பட்டுவிட்டது. மாமியார் திருத்த, மகள் மறுக்க, குருவிட்ட முதல் அவிசாவளை வரையில் பாடபேத ஆராய்ச்சி நடந்தது. மழை வந்து பாட்டையும் ஆராய்ச்சியையும் ஒருங்கே முடித்து வைத்தது. மழைக்கு மாத்திரம் பெரியவரிடமும் மருந்தில்லை. அட்டைக் கருவியைக் கழற்றிவிடலாமென்று மருமகன் யோசனை சொன்னான். "பெரியவங்க கிட்ட சொல்லிக்காம எப்புடிப் பயணம் போறது?" என்று மாமியார் தடுத்துவிட்டார். அவள் இன்றும் அட்டை கேட்கிறாள்.

அம்ப்ளிபயரை மருமகன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பஃபல் பெட்டி மட்டும் எங்கள் விறாந்தையில் இருக்கிறது. மூன்றடி நீளம், தடித்த பலகை, கறுப்புக் கம்பளம் போர்த்தியது. வட்டத் துவாரம் இருப்பதால் கோழி அடைகாக்க வைப்பதற்குப் பொருத்தமென்று சில நண்பர்கள் அபிப்பிராயப்படுகிறார்கள். வேண்டுவோர் இரத்தினபுரிக்கு வந்து, சொந்தச் செலவில் தூக்கிக்கொண்டு போகலாம். விலை கேட்க மாட்டேன். உள்ளே ஸ்பீக்கரை மறுபடி மாட்டி உபயோகிக்க நினைப்பவராயின், எங்கள் தெருவில் குடியிருப்பவராக இருக்கக்கூடாது.